சுரங்கத்துக்குள் எடுத்துப் போனவை

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ‘வாத்தியார் வீடு’ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் முன்னறையில் மூன்று மர பீரோக்கள் இருக்கின்றன. முதல் பீரோவில் பட்டாளச் சாமான்கள்: காக்கிக் கித்தான் பைகள், தண்ணீர்க் குப்பிகள், சாப்பாட்டுத் தகரங்கள், மடக்குக் கத்திகள். இரண்டாவதில் சுரங்கச் சாமான்கள்: கார்பைடு விளக்குகள், தலைக்கவசங்கள், எண் வெட்டிய பித்தளைப் பில்லைகள். மூன்றாவதுதான் வந்தவர்களை அதிக நேரம் நிறுத்தி வைக்கும். பொடி டப்பா, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி, தீப்பெட்டி, கைக்கடிகாரம், ஒரே வளையத்தில் கோத்த முள்வாங்கியும் காதுக்குடும்பியும் என்று மனிதர்கள் மடியிலும் சட்டைப்பையிலும் வைத்திருந்த சில்லறைப் பொருட்கள் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றையும் இணைப்பது ஒரே கேள்வி. வேலைக்குக் கிளம்பும் மனிதன் தன்னோடு எதை எடுத்துக்கொண்டு போகிறான்? கோலார் தங்கவயலில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இங்கே வேலை பூமிக்கு அடியில் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மறந்துபோன ஒன்றை எடுத்துவர நடுவில் மேலே ஏறி வர முடியாது. கூண்டில் ஏறும்போது கையில் என்ன இருந்ததோ, ஷிப்ட் முடியும்வரை அதுதான்.

வாத்தியார் பிறந்தது சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில். அவருடைய நைனா, அதாவது அப்பா, சுரங்கத்தில் துளைபோடும் தொழிலாளி. 1950களின் கடைசியில், முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு வெகு முன்பே அந்த வீட்டில் அடுப்பு புகையும். அம்மா ராகிக் களி உருட்டி, கருவாட்டுக் குழம்போடு நீள்சதுர அலுமினியத் தகரத்தில் வைத்து மூடுவார். அந்தத் தகரம் காக்கிப் பைக்குள் போகும். பையின் பட்டைகளில் பித்தளைக் கொக்கிகள் இருந்தன. அவற்றைத் திறந்து மூடுவதுதான் சிறுவனுக்குக் காலை விளையாட்டு.

“நைனா, இந்தப் பை யாருது?”

“மிலிட்டரிக்காரனுது. போர் முடிஞ்சிச்சி இல்ல? இப்ப நம்முது.”

அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய வரலாறு இருப்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெங்களூர் பெரிய ராணுவத் தளம். போர் முடிந்ததும் உபரியாக நின்ற பைகள், பூட்ஸுகள், கம்பளிகள் எல்லாம் டிஸ்போசல் சரக்காகச் சந்தைக்கு வந்தன. பெங்களூர் தண்டில் வாங்கிய அந்தப் பை, 1937ஆம் ஆண்டு மாதிரி என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் பிரிட்டிஷ் தளவாடத் தொகுதியைச் சேர்ந்தது. தோலுக்குப் பதிலாகத் தடித்த பருத்திப் பட்டையில் நெய்து, பித்தளைக் கொக்கி வைத்துச் செய்த தொகுதி அது. சாப்பாட்டுத் தகரமும் அதில் அடக்கம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு தகரங்கள், மடக்கும் கைப்பிடி. பாலைவனத்திலும் பர்மாக் காட்டிலும் சிப்பாய் சோறு தின்பதற்காக வடிவமைத்த தகரம், சாம்பியன் ரீஃபில் களி சுமந்தது.

பையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் மங்கிய மையில் ஒரு அம்புக்குறி தெரியும். அதன் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான பழைய முத்திரை. கீழே ‘ஐ’ இருந்தால் இந்தியாவில் செய்து, இந்திய ராணுவம் ஏற்றுக்கொண்ட பொருள் என்று அர்த்தம். பக்கத்திலேயே தயாரித்த ஆண்டும் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற வயதில் அவர் முதலில் படித்தவற்றில் அந்த மை எழுத்தும் ஒன்று.

தங்கவயலுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு, பையோடு முடிவதில்லை. இந்தச் சுரங்கங்களின் கதையைத் தொடங்கி வைத்தவர்களே பட்டாளக்காரர்கள்தான். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 33ஆவது காலாட்படையைச் சேர்ந்தவர். இந்த மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகம் பக்கத்துக் கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். அடியில் தங்கப் பொடி மின்னியது. அவர் எழுதி வைத்த குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல். நியூசிலாந்தில் மாவோரிப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் குடியேறிய அயர்லாந்துக்காரர். 1871இல் மாட்டு வண்டி கட்டிக் கோலாருக்கு வந்து பார்த்தார். 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். 1875இல் தோண்டத் தொடங்கினார். பணம் போதாமல் அவர் உரிமையைக் கைமாற்றியதும் ராணுவ அதிகாரிகள் அடங்கிய ஒரு குழுவிடம்தான். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் வந்த பிறகே அது பெருந்தொழில் ஆயிற்று.

சுரங்கம் வளர்ந்ததும் அதற்கென்று ஒரு படையும் உருவானது. கம்பெனியின் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் தொண்டர் துப்பாக்கிப் படையாகப் பயிற்சி எடுத்தார்கள். 1920இல் இந்தியத் துணைப்படை அமைந்தபோது, அது ‘கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன்’ என்ற பெயரோடு அதில் சேர்ந்தது. சுதந்திரத்தோடு துணைப்படை கலைந்தது. துணைப்படை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே உரியது. பாறை உடைத்த தமிழருக்கு அதில் இடமில்லை. வாத்தியாரின் முதல் பீரோவில் காக்கி நிறக் கம்பளிச் சட்டை போட்ட எனாமல் தண்ணீர்க் குப்பி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று, வீட்டைக் காலி செய்யும்போது பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கம்பளியை நனைத்து வெயிலில் தொங்கவிட்டால் மண்பானை போலத் தண்ணீர் குளிரும். வெக்கையும் ஈரமும் சூழ்ந்த சுரங்கத்துக்குள் அந்த வித்தை சரியாக எடுபடாது என்று நைனா சொல்வார். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் கம்பளி எப்படி உலரும்?

பட்டாளத்தில் சேர்ந்த தங்கவயல் தமிழர்கள் போனது பெரும்பாலும் வேறொரு வாசலுக்கு. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. பட்டாள வட்டாரத்தில் அவர்களுக்குத் ‘தம்பிகள்’ என்று பெயர். அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே வெடிக்கப் போன கண்ணியின் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. வாத்தியாரின் பெரிய தாத்தாவும் ஒரு தம்பிதான். பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பும்போது அவர் கொண்டுவந்தது ஒரு மடக்குக் கத்தி, ஒரு கம்பளி, இரண்டு பதக்கங்கள்.

கத்தி இன்றும் நன்றாக மடங்குகிறது. ஒரு அலகு, ஒரு டப்பா திறப்பான், கயிற்று முடிச்சைப் பிரிக்க ஒரு முள், கழுத்துக் கயிறு கோக்க ஒரு வளையம். பதக்கங்கள் சொன்னது வேறு விஷயம். அதே போரின் அதே நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தது. இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் பழைய இரும்புக் கடையில் ஒரு பதக்கம் கிடைத்தால் வாத்தியார் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். “பேரு இருந்தா ஊட்டைத் தேடிப் போயிடலாம்” என்பார். அப்படிப் போய்க் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தவையும் உண்டு. குடும்பத்தார் சம்மதித்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். அவ்வளவு போதும் அவருக்கு.

சேகரிப்பில் அவர் மிகவும் பிரியமாகக் காட்டும் பொருள் ஒரு பித்தளைப் பெட்டி. ஐந்து அங்குல நீளம். மூடியில் ஒரு இளம்பெண்ணின் முகம். கீழே ‘கிறிஸ்துமஸ் 1914’. முதல் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸுக்கு, இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியில் படையினருக்கு அனுப்பிய பரிசுப் பெட்டி அது. ஆங்கிலச் சிப்பாய்க்குப் புகையிலையும் சிகரெட்டும் போயின. இந்தியச் சிப்பாய்களில் பலருக்குக் கற்கண்டும் மசாலாவும் வைத்து அனுப்பினார்கள். எல்லாமாக 26 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டதாகக் கணக்கு. உள்ளே இருந்தது தீர்ந்த பிறகும் பெட்டியை யாரும் எறியவில்லை, அதனால்தான் இன்றும் அவை உலகமெங்கும் கிடைக்கின்றன. இந்தப் பெட்டி ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டில் கொட்டைப்பாக்குப் பெட்டியாக இருந்தது. இளவரசியின் மூக்கு தேய்ந்து மழமழவென்று ஆகியிருக்கிறது. சுண்ணாம்பு பட்ட விரல்கள் மூன்று தலைமுறையாகத் திறந்து மூடியதன் தடம் அது.

“வாத்தியாரே, போயும் போயும் இத்தப் போய் எடுத்துனு போறியே, உள்ள பாக்குகூட இல்ல” என்று அந்த வீட்டுப் பாட்டி வருத்தப்பட்டாராம். பெட்டிக்குப் பதிலாக வாத்தியார் ஒரு புது எவர்சில்வர் வெற்றிலைச் செல்லம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே கொட்டைப்பாக்கோடு போய், அது யார் கொண்டு வந்தது, எங்கே இருந்தது, யார் யார் கை பட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

எழுதிக்கொள்வதுதான் அவர் செய்யும் வேலையின் உயிர். ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். பொருள், வைத்திருந்தவர், எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட், எதற்குப் பயன்பட்டது, எப்படிக் கைக்கு வந்தது. இந்தப் பக்கம் இல்லாத பித்தளைப் பில்லை எடைக்குப் போடும் பித்தளை என்பது அவர் உறுதியான கருத்து. பில்லை என்பது ஒரு ரூபாய் அகலத்தில் வட்டமான தகடு. நடுவில் எண், மேலே துளை. இறங்கும் முன் விளக்கு அறையில் பில்லையைக் கொடுத்தால், அதே எண்ணுள்ள விளக்கைத் தருவார்கள். ஏறி வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் பில்லை கைக்கு வரும். ஷிப்ட் முடிந்தும் பலகையில் ஒரு பில்லை தொங்கினால், அந்த எண்ணுக்குரியவர் இன்னும் கீழே இருக்கிறார். பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரியும் ‘ஏர் பிளாஸ்ட்’ நடந்த நாட்களில் லைன் வீட்டுப் பெண்கள் விளக்கு அறை வாசலில் நின்றது அந்தப் பலகையைப் பார்க்கத்தான்.

இப்படிப்பட்ட எண்ணைத்தான் பல வீடுகளில் புளி போட்டுத் தேய்த்து அழித்துவிட்டார்கள். பூஜைச் சாமானோடு சேர்த்துப் பளபளப்பாக்கும் அன்பான பழக்கம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் வெட்டெழுத்தின் ஓரம் கரைகிறது. பித்தளையை அப்படியே விட வேண்டும் என்று அவர் சொல்லித் தருகிறார். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் போதும். இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கித்தான் பையைத் துவைக்கக் கூடாது, மை முத்திரை போய்விடும். காய்ந்த தூரிகையால் தூசி தட்டி, மழைக்காலத்தில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும்.

கார்பைடு விளக்கைச் சுத்தம் செய்வது பொறுமை கேட்கும் வேலை. கீழ் அறையில் கார்பைடு கட்டிகள், மேல் அறையில் தண்ணீர். சிறு நெம்புகோலைத் தள்ளினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். அசிடிலின் வாயு கிளம்பி முன்னால் இருக்கும் துளை வழியாக வரும். பற்றவைத்தால் வெள்ளைச் சுடர். பின்னால் குழிந்த தகடு அந்தச் சுடரைப் பாறைமேல் வீசும். எரிந்து முடிந்தால் உள்ளே மிஞ்சுவது சுண்ணாம்புச் சேறு. அதைச் சரியாகச் சுரண்டாமல் விட்ட விளக்குகளில் அது கல்லாக இறுகிக் கிடக்கிறது; காடியில் ஊற வைத்துத்தான் இளக்க வேண்டும். தன் தாத்தாவின் விளக்கை அப்படி இளக்கியபோது அதிலிருந்து கிளம்பிய வெள்ளைப்பூண்டு வாசனை, லைன் வீட்டுத் தீபாவளியை வாத்தியாருக்கு நினைவூட்டியது. பெரியவர்கள் கொட்டிய மிச்சக் கார்பைடைப் பையன்கள் தகர டப்பாவில் போட்டு, எச்சில் துப்பி, வெடிக்க வைத்த தீபாவளி.

1902 முதல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. அவற்றுக்குக் கீழே, தலையில் சிறு சுடரோடு ஆள் நடந்தார்.

மூன்றாவது பீரோவில் இருக்கும் பொடி டப்பாக்களையும் பொடி மட்டைகளையும் வாத்தியார் வேடிக்கைப் பொருளாக வைக்கவில்லை. ரத்தினம் பட்டணம் பொடியின் பழைய தகர டப்பாவுக்குப் பக்கத்தில் சாயம் போன ஒரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் துளைபோட்டார்கள். குவார்ட்ஸ் பாறையின் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானது இங்கேதான். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 3,402 பேருக்கு அது இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர். மூக்கில் அடைத்த தூசியைத் தும்மி வெளியேற்றப் பொடி உதவும் என்று நைனா நம்பினார். நுரையீரலுக்குள் போன தூசியை எந்தப் பொடியும் எடுக்காது. நைனா இருமி இருமியே போனார். துண்டு அவருடையது.

மேலே ஏறி வந்ததும் மடியையும் பையையும் சோதனை போடுவார்கள். தங்கம் எடுக்கும் இடத்தில் எல்லோர்மேலும் சந்தேகம். கணக்கு சொல்ல முடியாத தாதுக்கல் கையில் இருந்தாலே குற்றம் என்று மைசூர் சட்டம் இருந்தது. 1930இல் எல்லாத் தொழிலாளர்களும் கைரேகை வைத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். திருடனிடம் வாங்கும் ரேகையை எங்களிடம் ஏன் கேட்கிறாய் என்ற கோபம் அது. தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தன் கட்டைவிரலை மடக்கிக் காட்டுவாராம்.

சோதனைக்குத் தப்பிய வேறொரு பொருளும் அந்த மடிகளில் இருந்தது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை நடந்தது. அவர் மறைந்த பிறகு, 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழ’னை நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. அதன் சிறு வெளியீடு ஒன்று, நான்காக மடித்த தடத்தோடு, வியர்வைக் கறையோடு மூன்றாவது பீரோவில் இருக்கிறது. ஒருவர் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள் என்று கணக்கு நோட்டில் அதற்கான பக்கம் சொல்கிறது. சாதியின் பெயரால் கீழே அழுத்தப்பட்ட மனிதர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து கட்டிய ஊர் இது. பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் புத்தகம் வைத்திருந்தார்கள் என்பதை வாத்தியார் வருபவர்களிடமெல்லாம் சொல்வார்.

2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்த சுரங்கங்களில் கூண்டு நின்றது. வேலை போன வீடுகளிலிருந்து சாமான்கள் வெளியே வரத் தொடங்கின. பித்தளை விளக்கு கிலோ விலைக்குப் போனது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் எடைக்கு எடை பணம் கொடுத்து, கூடவே விற்றவர் யார் என்று கேட்டுக்கொண்டு, அந்த வீட்டைத் தேடிப் போவார். ஓய்வூதியத்தில் ஒரு பங்கு இன்றும் இதற்குத்தான் போகிறது.

பெங்களூர் சிக்பேட்டை சண்டே பஜாருக்கும் போவதுண்டு. அங்கே ‘ஸ்டான்லி லண்டன்’ என்று பொறித்த பித்தளைத் திசைகாட்டிகள் குவிந்து கிடக்கும். ரூர்க்கியில் புதிதாக வார்த்து, களிம்பு பூசிப் பழசாக்கியவை அவற்றில் ஏராளம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், எழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். உண்மையில் புழங்கிய பொருள் கை படும் இடத்தில் மட்டும் தேயும். செயற்கையாகப் பழசாக்கியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கியிருக்கும்.

துப்பாக்கி, சங்கீன் எதுவும் அவர் வாங்குவதில்லை. படைக்கலச் சட்டத்தின் தொல்லை ஒரு காரணம், மனம் ஒப்பாதது இன்னொன்று. இன்றைய ராணுவச் சீருடைத் துணியும் வேண்டாம் என்பார். 2016இல் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு பொதுமக்கள் அதை அணிய வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டதை எடுத்துச் சொல்வார்.

இந்தச் சேகரிப்பில் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்தது ஒரு கல்லூரி மாணவி. மூன்று பீரோவையும் பார்த்துவிட்டு, “எல்லாம் ஆம்பளைங்க பையாவே கீதே சார். எங்க பாட்டி மில்லுல கல்லு பொறுக்குனாங்களே, அவங்களுது எங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து வாத்தியார் சுருக்குப்பைகளைத் தேடுகிறார். ரேஷன் சீட்டும் அடகுச் சீட்டும் சில்லறையும் வைத்திருந்த பைகள். அந்த மாணவியின் பாட்டியுடையதுதான் முதலில் வந்தது. உள்ளே ஒரு அடகுச் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

தேடல் அதோடு நிற்கவில்லை. இன்று தங்கவயலின் ஷிப்ட் ரயிலில் தொடங்குகிறது. விடியும் முன்னே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் நிறைய. அவர்களிடம் காலாவதியான சீசன் டிக்கெட்டையும் பழைய அடையாள அட்டையையும் வாத்தியார் கேட்டு வாங்குகிறார். நான்காவது பீரோவுக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் பழைய சீசன் டிக்கெட்டை நீட்டி, “இத்த வெச்சி இன்னா சார் பண்ணுவீங்க?” என்று சிரித்தார். அவர் நோட்டைத் திறந்து, எத்தனை மணி வண்டி, எந்தப் பெட்டி, உட்கார இடம் கிடைக்குமா, சாப்பாடு எதில் கட்டிக்கொண்டு போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.